டவுன் பஸ் பாட்டு தாழ்ந்த ரசனையா?

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தை அடுத்த கிராமமொன்றில் தென்னந்தோப்புக் கூலியின் மகனாகப் பிறந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, இப்போது கோயமுத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் நீங்கள், உடன் வேலை செய்பவர்களோடு காரில் போகும்போது உங்கள் கைப்பேசியிலிருந்து பாட்டுப் போட்டதாகவும், அவர்கள் ‘இதெல்லாம் டவுன் பஸ் பாட்டு’ என்று சிரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதையொட்டி மூன்று கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். ரசனை வர்க்கத்தால் அமைகிறதா, மேல்தட்டு ரசனை உள்ளபடியே உயர்ந்ததா, நான் மாறிக்கொள்ள வேண்டுமா என்பவை அவை. மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள் என்றே எனக்குப் படுகிறது: நான் ரசிப்பது இயல்பிலேயே தாழ்ந்த பொருளா, இல்லை, தாழ்த்தப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் ரசிப்பதால் மதிப்பிழந்த பொருளா? இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. எல்லைப்புறக் கல்லூரியொன்றில் 27 ஆண்டுகள் சமூகவியல் கற்பித்தேன். அதற்கு முன், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் அப்பா நடத்திய மைக் செட் கடையில் கேசட் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை உண்மையில் கடையில்தான் கற்றேன்.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1963இலும் மீண்டும் 1967–68இலும் பாரிஸ், லீல், ஒரு சிறு நகரம் ஆகிய இடங்களில் 1,217 பேரிடம் கேள்விகள் கேட்டு, அவற்றை வைத்து 1979இல் ‘லா திஸ்தாங்சியோன்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். எந்த இசை பிடிக்கும், எதைப் படம் பிடித்தால் அழகாக இருக்கும், வீட்டு மேசை நாற்காலியை எங்கே வாங்கினீர்கள், விருந்தாளிக்கு என்ன சமைப்பீர்கள் என்பவை அவர் கேட்டவற்றில் சில. வரவு செலவு அளவுக்கு, பல இடங்களில் அதைவிட அதிகமாகவே, படிப்பும் பெற்றோரின் தொழிலும் ரசனையோடு ஒட்டிவந்தன. ஜெர்மானிய இசைமேதை பாக் இயற்றிய விசைப்பலகைத் தொகுப்பொன்றைப் பிடிக்கும் என்றவர்களில் பேராசிரியர்களும் கலைஞர்களும் மிகுந்திருந்தார்கள். ‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் இசையைத் தேர்ந்தவர்களில் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் மிகுந்திருந்தார்கள். பணத்தைப் போலவே பழக்கமும் சேமித்து வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்க சொத்து என்றார் அவர். அதற்குப் பண்பாட்டு மூலதனம் என்று பெயரிட்டார். இப்படிச் சொன்னவர் தாமே கிராமத்துத் தபால் ஊழியர் ஒருவரின் மகன் என்பதைப் பாடம் நடத்தும்போது நான் விடாமல் சொல்வேன். பின்வரிசை மாணவர்கள் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த ஆய்வில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு சிறு செய்தி. சினிமா அடிக்கடி பார்ப்பவர்களுக்கு நடிகர் பெயர்கள் தெரிகின்றன; இயக்குநர் பெயரை அறிந்திருப்பதோ எத்தனை படம் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு படித்தார்கள் என்பதையே சார்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது எங்கள் கடையின் நீளமான கணக்கு நோட்டு கண்முன் வந்தது. எண்பதுகளில் வெற்றுக் கேசட் வாங்கிக்கொடுத்து, வேண்டிய பாட்டுகளை எழுதிக்கொடுத்தால் பதிவு செய்து தருவோம். (காப்புரிமை என்ற சொல்லை அப்போது அந்தத் தெருவில் எவரும் கேட்டதில்லை.) சுமைதூக்குபவர்களும் தோப்பு வேலைக்காரர்களும் நாயகன் பெயரால் கேட்பார்கள்: ‘எம்ஜியார் தத்துவப் பாட்டு’, ‘ரஜினி ஓப்பனிங் பாட்டு’. மில்லில் கணக்கெழுதுபவர்களும் கல்லூரி மாணவர்களும் இசையமைப்பாளர் பெயரைச் சொல்வார்கள். ஆசிரியர்கள் பாடகர் பெயரைச் சொல்வார்கள். பாலக்காட்டு அக்ரகாரங்களிலிருந்து எப்போதாவது வரும் ஓரிருவர் ராகத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் தாளத்தையும் குறித்திருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நான்கு பேரும் கேட்டது சில நேரங்களில் ஒரே பாட்டாக இருக்கும். ஒருவருக்கு அது எம்ஜியார் பாட்டு, இன்னொருவருக்கு விசுவநாதன் பாட்டு, மூன்றாமவருக்கு டி.எம்.எஸ். பாட்டு, கடைசியாக வந்தவருக்கு ஒரு ராகம். எதைக் கேட்கிறோம் என்பதைக் காட்டிலும் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம் என்பதில்தான் வர்க்கம் துலக்கமாகத் தெரிகிறது என்ற முடிவுக்கு நான் அந்த நோட்டை வைத்துத்தான் வந்தேன். ஒரு கடையின் நோட்டு ஆய்வாகிவிடாது. கடைக்கு வராதவர்கள் அதில் இல்லை, கடனுக்குக் கேட்டுத் திரும்பிப் போனவர்களும் இல்லை.

ஏன் இப்படி அமைகிறது என்பதற்கு பூர்தியூ தரும் விளக்கம் இது: வயிற்றுத் தேவையிலிருந்து எட்டி நிற்க எவ்வளவு இடம் கிடைத்தது என்பதைப் பொறுத்தே ரசனை அமைகிறது. அவர் ஒரு மூதாட்டியின் கைகளின் புகைப்படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார். உழைப்பவர்கள் அந்தக் கைகள் கோணிப்போன விதத்தைப் பார்த்து இரங்கினார்கள். மேலே போகப் போக, படித்தவர்கள் ஓவியத்தையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசினார்கள். இதை வகுப்பில் செய்து பார்க்கலாம் என்று, பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ள எங்கள் சித்தூர் வட்டத்துக்கே உரிய காட்சியாக, தென்னையில் கள் இறக்கும் ஒருவரின் பாதங்களைப் படமெடுத்து எடுத்துப்போனேன். கொட்டாங்கச்சி போலக் காய்த்த அடிப்பாதம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஆழமான வெடிப்பு. கள் இறக்கும் வீட்டுப் பெண்ணொருத்தி பார்த்ததும் ‘வெடிப்புக்கு மெழுகு வெச்சா சரியாகும் சார்’ என்றாள். மருத்துவர் வீட்டுப் பையன் ‘நிழல் விழுந்திருக்கிற விதம் நன்றாக இருக்கிறது’ என்றான். இருவரும் சரியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் தேர்வுத்தாளில் ‘அழகியல் உணர்வு’ என்ற கேள்விக்கு மதிப்பெண் வாங்கக்கூடியது இரண்டாவது பதில் மட்டுமே என்பதை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் எந்தக் கண்ணைக் கண்ணென்று ஒப்புக்கொள்கிறது என்பது அதில் அடங்கியிருக்கிறது. சாப்பாட்டிலும் இதே கதைதான். ராகிக் களியும் கம்மங்கூழும் நெல்லுச்சோற்றுக்கு வழியில்லாதவர் உணவாக இருந்தபோது விருந்தாளி வந்தால் அந்தச் சட்டியை மறைத்து வைத்தார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த காலத்தில் அதே கூழ் நட்சத்திர விடுதியில் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தது. தானியம் மாறவில்லை, அதைக் கட்டாயமாகத் தின்றவர் விலகி, விரும்பித் தின்பவர் வந்திருக்கிறார்.

இனி, உயர்ந்த ரசனை என்பது உள்ளபடியே உயர்ந்ததா என்ற கேள்வி. இதற்கு எல்லையில் வாழ்வதைப் போல நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை, ஏனென்றால் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொருளின் மதிப்பு மாறுவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கம் வசதியான வீட்டுக் கல்யாணத்தில் கேரளத்துச் செண்டைக் குழுவை வரவழைப்பது பெருமை. மணமக்கள் வரும்போது சிங்காரி மேளம் அதிர வேண்டும், உள்ளூர் நாகஸ்வரக்காரர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அதே சிங்காரி மேளத்தைப் பற்றி, கோயில் மேள மரபுகளான பஞ்சவாத்தியமும் தாயம்பகையும் கேட்டு வளர்ந்த கேரள ரசிகரிடம் பேசிப் பாருங்கள். கூட்டத்தைக் கவரும் வெறும் ஆட்டக்கொட்டு என்று முகம் சுளிப்பார். கேரளத்தில் மலிவாக எண்ணப்படுவது வேலந்தாவளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் அந்தஸ்தாகிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழரை இளக்காரமாகச் சொல்லக் கேரளத்தில் வழங்கும் சொல் ‘பாண்டி’. திருச்சூர்ப் பூரத்தில் லட்சம் பேர் கைதூக்கி ரசிக்கும் இலஞ்சித்தற மேளத்தின் வகைப்பெயரும் பாண்டி மேளம்தான்.

சினிமாவைப் பாருங்கள். எண்பதுகளில் தமிழ்நாட்டுச் சிறு நகரத் திரையரங்குகளில் ‘மலையாளப் படம்’ என்று சுவரொட்டி ஒட்டினால் அதற்கு ஆபாசப் படம் என்ற ஒரே பொருள்தான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலைக் காட்சிக்குப் போவார்கள். அன்றைக்கும் மலையாளத்தில் உலகத் திரைப்பட விழாக்களுக்குப் போகும் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. இன்றைக்குச் சென்னையிலோ கோயமுத்தூரிலோ ‘நான் மலையாளப் படங்கள்தான் பார்க்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அது ரசனையின் சான்றிதழ். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களின் கைப்பேசியிலும் அந்தப் படங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள்ளேயே இருக்கும் உங்கள் ஊரில், தமிழ் பேசும் கூலிக்குடும்பங்கள் தமிழ் நாயகர்களின் படத்துக்குப் பாலாபிஷேகம் செய்கின்றன. பக்கத்து மலையாள நடுத்தர வீடுகளில் அதைப் பற்றி என்ன பேச்சு என்பது உங்களுக்கே தெரியும். துணிக்கடையிலும் கேட்டிருப்பீர்கள்: வெள்ளையும் கசவுமே அடக்கம், ரோஸ் கலர் சேலை என்றால் ‘தமிழத்தி’ கலர். நிறத்துக்குத் தகுதி எங்கிருந்து வந்தது? உடுத்துபவரிடமிருந்து வந்தது.

மதிப்பு காலத்தாலும் மாறும். தேவதாசி மரபைச் சேர்ந்தவர்கள் ஆடிய சதிர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுக்கக்கேடாகப் பேசப்பட்டது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்திரம் தொடங்கி, பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்று, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்த பிறகு, அதே ஆட்டத்தின் வழிவந்தது நல்ல குடும்பத்துப் பெண்ணின் அடையாளமானது. அதை முன்பு ஆடியவர்களின் பேத்திகளுக்கு அந்த மேடையில் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. இன்னும் அருகில் வேண்டுமானால் இளையராஜா. 1976இல் அவர் இசை வந்த புதிதில் எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ‘டீக்கடையில் போட வேண்டியதை ஏன் தெருவுக்கே போடுகிறாய்’ என்று அப்பாவிடம் சண்டை பிடிப்பார். 2018இல் பத்ம விபூஷண் வந்தது. 2025இல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அந்தத் தலைமையாசிரியரின் பேரன் இப்போது பழைய இளையராஜா இசைத்தட்டுகளை ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சேகரிக்கிறான். பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை.

இதையெல்லாம் சொல்வதால், நல்லது கெட்டது என்பதே கிடையாது, எல்லாம் அதிகாரத்தின் விளையாட்டு என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். பூர்தியூவைப் படித்த சிலர் அப்படி ஒரேயடியாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கவனக்குறைவாகச் செய்த பாட்டு உண்டு, உழைத்துச் செய்த பாட்டு உண்டு. ஒரு கானாப் பாடகரின் சொற்கட்டையும் ஒரு வித்துவானின் ஆலாபனையையும் அதனதன் அளவுகோலால் நன்று, நன்றல்ல என்று பிரிக்க முடியும். அந்தப் பிரிப்பு வேறு, ‘டவுன் பஸ் பாட்டு’ என்ற பெயர் வேறு. அந்தப் பெயர் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டபடி பயணம் செய்பவர்களின் பயணச்சீட்டு விலையைச் சொல்கிறது.

இனி ஐயத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். பிரான்சில் வரைந்த படத்தை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது, முதற்காரணம் சாதி. பிரெஞ்சுத் தொழிலாளி பாகின் இசையைக் கேட்காமல் போனதற்குக் காரணம் பழக்கமின்மையும் கூச்சமும். இங்கே வாசலிலேயே நிறுத்தினார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர், மணி ஐயர் ஆகிய கர்நாடக இசைக் கலைஞர்களைத் தந்த பாலக்காட்டில், கல்பாத்தித் தேர்த் திருவிழாவின்போது அக்ரகாரத் தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியினரான ஈழவர்கள் நடக்க முயன்றதற்கு 1924இல் எதிர்ப்பு எழுந்து கைகலப்பானது. தெருவில் கால் வைக்க முடியாதவருக்கு அந்தத் தெருவின் இசையில் ரசனை இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? இரண்டாவது, ஏணி ஒன்றல்ல. கீழிருப்பவர் மேலிருப்பவரைப் பார்த்துப் பழக்கங்களை ஏற்பதைச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1952இல் விளக்கினார். ஆனால் சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பையனுக்கு எது ‘மேல்’? மலையாள நடுத்தர வர்க்கமா, பாலக்காட்டு அக்ரகாரமா, சென்னையா, கோயமுத்தூர் மில் முதலாளி வீடா? நான்கும் நான்கு திசையில் இழுக்கின்றன. ஓர் ஏணியில் ஏறியவர் மற்றொன்றில் இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வர்க்கம், சாதி, மொழி மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கணக்கை எவர் தந்தாலும் சந்தேகத்தோடு கேளுங்கள்.

மற்றொரு விவாதமும் முடிந்தபாடில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் 1992இல், மேல்தட்டினர் இப்போது உயர்ந்ததை மட்டும் ரசிப்பவர்களாக இல்லை, எல்லாவற்றையும் ருசிபார்ப்பவர்களாகி வருகிறார்கள் என்று எழுதினார். இதைக் கேட்டு வர்க்க வேறுபாடு கரைகிறது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. 1996இல் பெத்தனி பிரைசன் என்ற ஆய்வாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: எது பிடிக்கும் என்பதற்குப் பதிலாக எது பிடிக்காது என்பதைப் பார்த்தார். படித்தவர்களுக்குப் பிடிக்காதவை குறைவுதான். ஆனால் அவர்கள் ஒதுக்கிய அந்தச் சில வகைகள், மிகக் குறைந்த படிப்புள்ளவர்கள் விரும்புபவையாகவே இருந்தன. உங்கள் காரில் நடந்ததை இதை வைத்துப் பார்க்கிறேன். அந்த நண்பர்களே அடுத்த வாரம் வால்பாறைக்குப் போகும்போது ‘டவுன் பஸ் ஹிட்ஸ்’ என்று போட்டு ஆடக்கூடும். அவர்கள் போட்டால் குறும்பு, நீங்கள் போட்டால் அடையாளம். கீழே விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லாதவருக்குத்தான் கீழிறங்கி விளையாட முடிகிறது. இது என் கணிப்பு. அந்த நண்பர்களை நான் பார்த்ததில்லை, வெறும் கிண்டலாகவும் இருந்திருக்கலாம். பெர்னார் லாயிர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 2004இல் காட்டியதுபோல, ஒரே ஆளுக்குள்ளேயே உயர்ந்ததும் தாழ்ந்ததும் கலந்து கிடப்பதுதான் வழக்கம். இத்தனை ஆண்டு இதைக் கற்பித்த நானும், சிக்னலில் பக்கத்தில் வேறு கார் வந்து நின்றால் என் பழைய தேவா பாட்டின் ஒலியைக் குறைத்துவிடுகிறேன். கை தானாகப் போகிறது. அறிவு அந்தக் கையைத் தடுப்பதில்லை.

மாறிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டீர்கள். வேலைக்காக என்றால், மேல்தட்டின் பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பது பயன்படும். அதில் இழிவு ஒன்றும் இல்லை, ஆங்கிலம் கற்றதைப் போலத்தான். இன்பத்துக்காக என்றால், புதிதாக ஒன்றைக் கேட்கக் கற்பது நல்லது; நான் நாற்பது வயதுக்கு மேல் தாயம்பகை கேட்கப் பழகினேன், முதல் ஆண்டு முழுதும் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. இருந்ததை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டியதில்லை என்பது மட்டும் என் எண்ணம். இதில் எனக்கு வழிகாட்டி பூர்தியூ அல்ல, எங்கள் கடைக்கு வந்த ஒரு லோடுமேன். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க எம்ஜியார் பாட்டு கேட்டவர், மறுபக்கத்துக்கு, ‘பழனியில சாமி வெளிய வர்றப்ப பீப்பியில ஊதுனாங்களே, அது வேணுங்க தம்பி’ என்றார். பெயர் தெரியாது. நான் கையில் கிடைத்த நாகஸ்வரக் கேசட்டிலிருந்து ஒரு கீர்த்தனையைப் பதிவு செய்து கொடுத்தேன். மறுநாள் வந்து, ‘இது இல்லீங்க’ என்றார். வேறொன்று போட்டேன். ‘இதுவும் இல்லீங்க, அதுல பாட்டே இருக்காது, நடந்து வர்ற மாதிரி இருக்கும்’ என்றார். அப்போதுதான் பொறி தட்டியது. மூன்றாம் முறை, வரிகளே இல்லாமல் சாமி ஊர்வலத்துக்கு வாசிக்கும் மல்லாரியைப் போட்டதும் கடை வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் கேசட் அட்டையில், என் படிப்பெல்லாம் தெரியும்படி, ‘மல்லாரி – கம்பீர நாட்டை’ என்று எழுதி நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அதை அடிக்கச் சொல்லிவிட்டு, ‘சாமி பொறப்பாடு’ என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்.